வச்சிரம் பிடித்த பலகை

ஆறுமுகநயினார் ஆசாரி கட்டில், பெஞ்சு என்று பெரிய சாமான் எதையும் தொடமாட்டார். தூத்துக்குடித் துறைமுகத்துக் கம்பெனி மேசைகளுக்கு வேண்டிய பேனாத் தாங்கி, மைக்கூட்டுத் தட்டு, முத்திரைப் பெட்டி, இவைதான் அவர் வேலை. ஆணி இல்லாமல் வச்சிரத்தால் ஒட்டித் தருவார். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த அந்தப் பசைக் கட்டியை அவர் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கும்போது தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு போகும்.

பிளாரன்ஸ் டீச்சர் அந்த நாற்றத்தில் நின்றுகொண்டுதான் பலகையை நீட்டினாள். கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். நாற்பத்திரண்டு ஏப்ரலில் அவள் புருஷன் செபாஸ்டின், தோணித் தலைவனான தண்டலாக, தோணியைக் கொழும்புக்கு ஓட்டிப் போனான். வெங்காயமும் மிளகாய் வத்தலும் பாரம். அந்த வாரம்தான் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். தோணியும் திரும்பவில்லை, கடுதாசியும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து மணப்பாட்டு வலைக்காரர் ஒருவர், கரையில் ஒதுங்கியது என்று இந்தப் பலகையைக் கொண்டுவந்தார். செபாஸ்டின் தோணிக்கு அடித்திருந்த அதே நீலச் சாயம். அதை நம்பித்தான் கோயிலில் இறந்தோர் பூசை வைத்தார்கள். அதை நம்பித்தான் அவள் கறுப்பு உடுத்தினாள்.

"பள்ளிக்கூடத்து மேசையில வைக்க ஒரு பேனாத் தாங்கி செஞ்சு தாங்க, அண்ணாச்சி."

"தோணிப் பலகையில வச்சிரம் பிடிக்காது டீச்சர். வருசா வருசம் மீன் எண்ணெய் பூசுதாங்கள்லா, மரம் நடுவரைக்கும் குடிச்சிருக்கும். ரெண்டு ஆணி அடிச்சிருதேன்."

"ஆணி வேண்டாம்." பலகையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவுக மேல அடிக்க மாதிரி இருக்கும்."

ஆசாரி பலகையை வாங்கிக்கொண்டார்.

"பூசைக்குப் பொறவுதான் நான் தூங்குதேன்," என்றாள், யாரோ கேட்டதுபோல. "எட்டு மாசமா வாசல்ல சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடுவேன். இப்ப ஓடுதது இல்ல."

ஆசாரிக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தடவை பழைய தோணித் துண்டில் பெட்டி செய்து, காலையில் ஒட்டியது மத்தியான வெயிலுக்கு வாய் பிளந்த அனுபவம் அவருக்கு உண்டு. இந்த முறை சாயத்தைச் சீவி, எண்ணெய் போகச் சோடா உப்பால் கழுவி, மூன்று நாள் காயவைத்தார். சூடாக வச்சிரம் தடவி, கயிறு சுற்றி, குச்சி செருகி முறுக்கினார். மறுநாள் கட்டவிழ்த்துப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. ஒட்டிவைத்த துண்டு ஒன்றைப் பட்டறை விளிம்பில் ஓங்கி அடித்தார். மரம்தான் பிளந்தது. ஒட்டு அப்படியே நின்றது.

ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அப்புறம் அந்தப் பெருமை எங்கேயோ போய்விட்டது.

சோடா படாத துண்டு ஒன்றை எடுத்துச் சும்மா ஒட்டிப் பார்த்தார். அதுவும் பிடித்தது. சீவலை அள்ளி அடுப்பில் போட்டார். எண்ணெய் குடித்த மரமானால் சடசடவென்று பொரியும். இது சாதுவாக எரிந்து சாம்பலானது.

மனைவி பகவதி சோற்றுத் தட்டை எட்டிப் பார்த்தாள். "வச்சிரம் பிடிக்கலன்னா ரெண்டு நாளைக்கு ஒங்களுக்குச் சோறு எறங்காது. பிடிச்சாலும் எறங்காதோ?"

"அது தோணி மரமே இல்ல ஏளா. ஏதோ கப்பல் அறைக் கதவோ, பெட்டியோ. நீலச் சாயம் கடையில எல்லாருக்குந்தான் விக்கான்."

பகவதி அகப்பையைக் கீழே வைத்தாள். "சொல்லாண்டாம். அந்தப் புள்ள இப்பத்தான் கண்ண மூடுது."

"அவன் உசுரோட இருந்தா?"

"இல்லன்னா?"

மூன்று நாள் அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தாள். பேனாத் தாங்கியைக் கையில் வாங்கி, விரலால் ஓரம் முழுக்கத் தடவினாள். "எங்க ஒட்டியிருக்குன்னே தெரியல அண்ணாச்சி."

எடுத்துக்கொண்டு போயிருப்பாள். ஆசாரி வாயைத் திறந்துவிட்டார். எண்ணெயைப் பற்றிச் சொன்னார், சோடாவைப் பற்றிச் சொன்னார், அடுப்பில் போட்ட சீவலைப் பற்றிச் சொன்னார். சொல்ல வந்ததைக் கடைசியில்தான் சொன்னார்.

வெளியே துறைமுகத்துக்கு மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசி வண்டி கடந்து போகும்வரை அவள் வாசலையே பார்த்தாள்.

"நிச்சயமா?"

"பலகை நிச்சயம். அவுகளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, டீச்சர்."

"நான் அவுகளப் புதைச்சிட்டேனே." குரல் உயரவில்லை. பிறகு கையில் இருந்ததைப் பார்த்தாள். "அப்ப இது யாரு?"

ஆசாரி பட்டறையில் கிடந்த கயிற்றைச் சுற்றி எடுத்து வைத்தார்.

"எந்த ஊர்லயோ இந்தப் பலகைக்காரனுக்கும் ஒருத்தி இருப்பால்லா. அவளுக்கு இதுகூடக் கெடைக்கல." முந்தானையில் அதைச் சுற்றிக்கொண்டாள். "மேசையில இருக்கட்டும். நான் கோயிலுக்குப் போவணும். நாளைக்கு அவுக பேருக்கு மாசப் பூசை எழுதியிருக்கு. பேர மாத்தச் சொல்லணும்."

"என்ன பேரு குடுப்பிய?"

"தெரியாதுன்னு சொல்லுவேன். சாமியாரு பேரு இல்லாமலே எழுதிக்கிடட்டும்."

வாசலில் இறங்கியவள் நின்றாள். திரும்பவில்லை.

"நீங்க இதச் சொல்லாம இருந்திருக்கலாம், அண்ணாச்சி."

"ஆமா," என்றார் ஆசாரி.