பத்து லட்சத்து மூன்றாம் எண் வீடு

நகராட்சி ஊழியர் பத்து லட்சத்து மூன்று என்ற புதுக் கதவிலக்கத்தை வாசலில் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து, தையற்காரியின் வீட்டில் எதையும் சரிபாதியாகப் பிரிக்க முடியவில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே தொடராக எண் போட்டதில் அந்த வீட்டுக்கு விழுந்தது அது. ரொட்டியை நடுவில் அறுத்தால் ஒரு துண்டு கட்டைவிரல் அகலம் பெரிதாக வந்தது. பாலை இரண்டு டம்ளரில் எப்படி ஊற்றினாலும் ஒன்றில் ஒரு மடக்கு கூடுதலாக நின்றது.

வேறு சமயமாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். தையற்காரியும் அவள் தங்கையும் வீட்டைப் பாகம் பிரிக்கக் கிளம்பியிருந்த நேரம் அது. தங்கை நர்ஸ், இரவுப்பணி முடிந்து வந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பாள். சாத்தினால் அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்க வெளிச்சமில்லை. இதிலேயே முற்றி, இருவரும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிவிட்டது. கொத்தனார் கூடத்தின் நடுவில் நூல் பிடித்துச் சுவர் எழுப்பினார். விடிந்து பார்த்தால் சுவர் தங்கை பக்கம் ஓரடி நகர்ந்திருந்தது. இடித்துக் கட்டினார், அக்கா பக்கம் நகர்ந்தது. அவர் சுவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் கதவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது பகா எண்மா. ரெண்டா வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும், மூணா வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும், ஏழா வகுத்தா நாலு மிஞ்சும். மிச்சம் வரக்கூடாதுன்னா பிரிக்காம விடணும், இல்லேன்னா பத்து லட்சத்து மூணு பேர் வந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கணும்."

"அத்தனை பேருக்கு இங்க பாத்ரூம் ஒண்ணுதான் இருக்கு டீச்சர்," என்றாள் தையற்காரி.

மறுநாளே நகராட்சிக்குப் போனாள். அங்கிருந்தவர் தாராள மனசுக்காரர். பக்கத்துக் காலி மனைக்கு ஒதுக்கிய பத்து லட்சத்து நான்கைத் தூக்கிக் கொடுத்து, இரட்டை எண், வெண்ணெய் மாதிரி பிரியும் என்றார்.

புது எண் தகட்டை மாட்ட ஸ்டூலில் ஏறினால் ஸ்டூல் ஆடியது. வேறு வழியில்லாமல் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை வந்து பிடித்துக்கொண்டாள். பழைய தகடு கையோடு வந்தது.

"புதுசை மாட்டிட்டா பால் சமமா வருமாக்கா?"

"சொட்டு பிசகாம வரும்."

தங்கை தொண்டையைச் செருமினாள். "பால் கூடுதலா இருக்கிற டம்ளரை நான் தினமும் உன் பக்கம் நகர்த்தி வச்சிட்டிருந்தேன்."

"அதை நான் உன் பக்கம் தள்ளிட்டிருந்தேன். அதான் தினம் பால் ஆறிப்போச்சா, சனியனே?"

தையற்காரி பழைய தகட்டையே திரும்ப மாட்டிவிட்டு இறங்கினாள். சுவரை இருவருமாக இடித்தார்கள். ஜன்னல் தகராறு மட்டும் தீரவில்லை, அது இன்னும் நடக்கிறது. பத்து லட்சத்து நான்கு காலி மனைக்கே திரும்பிப் போயிற்று. பின்னால் அங்கே வீடு கட்டிய அண்ணனும் தம்பியும் குடிவந்த வாரமே அழகாகப் பிரிந்துபோனார்கள்.

சில வருஷம் கழித்துத் தங்கைக்குக் கல்யாணமாகி, பஸ் டிரைவரான மாப்பிள்ளை இந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார். மூன்றாகப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். அந்த ஒன்று இன்றைக்காவது தன் தட்டில் விழும் என்று அவர் தினமும் கை கழுவிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருகிறார். இதுவரை விழவில்லை.