பொலிகுதிரைக்குத் துணை

கோர்வினுக்கு அறுநூறு குட்டிகள். ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

எந்தப் பெட்டைக்குதிரையையும் தொட்டதுமில்லை. ஹாம்பர்க்கை ஒட்டிய எங்கள் ஹோல்ஸ்டைன் பக்கத்தில் நல்ல பொலிகுதிரையை அப்படித்தான் வைத்திருப்போம். இனவிருத்திக் காலத்தில் தோல் போர்த்திய மரக்குதிரைமேல் ஏறுவான். அப்படிப் பிடித்த விந்து உறைநிலையில் டென்மார்க்குக்கும் அயர்லாந்துக்கும் போகும். அவன் தன் கொட்டடிக்குத் திரும்புவான். மேய விட்டால் இரட்டை வேலிக்குள் தனியாக. ஓர் உதை பட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம்.

அவனுடைய தாய்வழி எங்கள் வீட்டுடையது. என் கணவர் ஹௌக்கேயின் தாத்தா காலத்தில் அந்த வம்சத்துப் பெட்டைகள் இந்தக் களிமண்ணை உழுதன. கனத்த எலும்பு, பொறுமை. தகப்பன்வழியில் பிரெஞ்சு ரத்தம். மெல்லிய தோல், சூடு. இரண்டும் சரியாகக் கலந்தது கோர்வினிடம் மட்டும்தான். தடைதாண்டும் போட்டியில் தடை எவ்வளவு உயரமானாலும் முன்னங்கால்கள் மார்போடு மடங்கும். பின்னங்கால்கள் கடைசி நொடியில் விரியும். கால் பட்டுத் தடையின் கட்டை விழுந்த நாளில் தீனி தின்னமாட்டான். ஹாம்பர்க்கில் ஜெயித்தான். மறுவருடம் அங்கேயே ஒற்றைக் கட்டையால் தோற்றான். அந்தப் பின்னங்காலைக் குட்டிகளுக்குக் கொடுத்தான். மகன்களைவிட மகள்களுக்கு அதிகம். முன்கோபத்தையும் கொடுத்தான். வாங்கியவர்கள் அதைப் பற்றித்தான் போன் செய்வார்கள்.

பொலிகுதிரை உள்ள வீட்டுக்காரரை எங்கள் ஊரில் குதிரையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தேவாலயத்திலும் மதுக்கடையிலும் ஹௌக்கே ‘கோர்வின்காரர்’தான்.

இருபது வயதில் கோர்வினின் விந்து செத்துப்போனது. கேட்டு யாரும் வருவதும் நின்றது. அவன் வேலியோரம் நின்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேயும் கிழட்டுப் பெட்டை ஓராவையே பார்க்கத் தொடங்கினான். காலையில் நின்ற இடத்தில் மாலையிலும் நிற்பான். விலா எலும்பு தெரிந்தது.

கால்நடை மருத்துவர் லெவ்கே வந்தாள். ஹௌக்கேயோடு பள்ளியில் படித்தவள். நோய் ஒன்றுமில்லை, தனிமைதான் என்றாள். காயடித்துவிடலாம், இந்த வயதிலும் தாங்குவான். சில மாதம் பொறுத்து, வேலிக்கு இப்பாலும் அப்பாலுமாகப் பழக்கி, பிறகு ஓராவோடு விடலாம் என்றாள்.

ஹௌக்கே காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

“பொலிகுதிரையா பொறந்தான். அப்படியே சாவட்டும்.”

“எடுக்கப்போறது அவனோடத. உனக்கு ஏன் மூஞ்சி சுருங்குது?” என்றாள் லெவ்கே.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காயடித்த குதிரையின் பெயரால் யாரையும் கூப்பிடுவதில்லை.

ஆனால் கோர்வின் வேலியோரம் நிற்பதையும் அவரால் பார்க்க முடியவில்லை. மே மாதம் புல் தழைத்தது. ஒரு ஞாயிறு காலை கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓராவுக்கு வயதாகிவிட்டது, சண்டை வராது என்றார். லெவ்கே சொன்னதை நினைவூட்டினேன்.

“அறுநூறு குட்டிக்கு அப்பன். அவனுக்கு நீங்க ரெண்டு பேரும் சொல்லித்தரப் போறீங்களா?”

“மரக்கட்டையில ஏறித்தானே அப்பன் ஆனான்,” என்றேன்.

அவர் கோர்வினை நடத்திக்கொண்டு போய் ஓரா மேயும் இடத்துப் படலைத் திறந்தார்.

மற்றக் குதிரைகள் முதலில் மூக்கோடு மூக்கு வைக்கும். மூச்சு விட்டுப் பார்க்கும். கத்தும், விலகும், மறுபடி வரும். கோர்வினுக்கு இதை யாரும் கற்றுத்தரவில்லை. தரக்கூடிய குதிரைகளிடம் நாங்கள் அவனை விட்டதில்லை. நேராக ஓராவின் பின்னால் போனான். மரக்குதிரைமேல் ஏறுவதுபோல ஏறினான்.

ஓரா ஒரே ஒரு முறை உதைத்தாள்.

மூன்று காலில் சற்று நேரம் நின்றான். பிறகு படுத்தான். முன்னங்கால் முழங்காலுக்கு மேலே முறிந்து வேறு திசையில் கிடந்தது. ஹௌக்கே புல்லில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் போன் செய்ததும் லெவ்கே தேவாலயத்துக்குப் போன உடையிலேயே வந்தாள். காலைப் பார்த்தாள், இனி ஒட்டாது என்றாள். ‘சொன்னேனே’ என்று சொல்லவில்லை. வலிக்கு ஓர் ஊசி போட்டாள். அடுத்த ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அது எதற்கென்று மூவருக்கும் தெரியும்.

அப்போது ஓரா வந்தாள். கழுத்தை நீட்டி, அவன் மூக்கில் மூக்கை வைத்து மூச்சு விட்டாள். கோர்வின் தொண்டைக்குள் மெல்லக் கனைத்தான். குட்டியிடம் தாய் எழுப்பும் ஒலி அது. அவனிடமிருந்து நான் அதைக் கேட்டதே இல்லை. ஓரா அவன் தலைமாட்டிலேயே மேய ஆரம்பித்தாள். அவனும் படுத்தபடி எட்டிய புல்லைக் கடித்தான்.

“கொஞ்சம் பொறு,” என்றார் ஹௌக்கே.

லெவ்கே பொறுத்தாள். அவன் விலாவில் வியர்வை படரத் தொடங்கியது. முதல் ஊசியின் வேகம் தணிகிறது என்றாள்.

“இன்னும் கொஞ்சம்.”

கோர்வினின் உடல் நடுங்கியது. கண் ஓராவைவிட்டு நகரவில்லை. ஹௌக்கே என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுபோல.

“போதும் ஹௌக்கே,” என்றேன். “உங்களுக்காக ரொம்ப நாள் இருந்துட்டான்.”

அவர் கையை எடுத்தார். லெவ்கே ஊசியோடு மண்டியிட்டாள். ஓராவை யாரும் விலக்கவில்லை.