வடக்கு ஓரத்து இலை

1

மனிதகுலம் காட்டை அளக்கத் தொடங்கிய நாளில்தான் தன்னையும் அளக்கத் தொடங்கியது.

இந்த வாக்கியத்தை எழுதியதும் எனக்கே சிலிர்த்தது. எதிர் மேசையிலிருந்து எட்டிப் படித்த தங்கை, "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை காட்டில் பிறக்கவில்லை. அவளுடைய அலுவலகத்தில், காலை பதினொன்றரை மணிக்கு, கணினித் திரையில் அவள் ஒரு கறுப்பு உருண்டையைக் கண்டபோது பிறந்தது.

2

என் தங்கை இலை அளப்பவள். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்பது அவள் கேள்வி. மரமேறி எண்ண முடியாது. முழங்கால் உயரத்தில் கேமராவை மேல்நோக்கி வைத்து, வானம் முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கும் லென்ஸால் படமெடுப்பாள். கணினிக்கு வெளிச்சமெல்லாம் வானம், இருட்டெல்லாம் இலை.*

கிழக்குக் காட்டின் எண் நான்குக்கு மேல் இருந்தால் அங்கே கோடரி நுழையாது. அவளுக்குக் கிடைத்தது 4.1. பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

(* ஆகவே படமெடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் குத்துக்காலிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொள்வது கட்டாயம்.)

3

[இங்கே காட்டின் மௌனத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அடித்துவிட்டேன்.]

"அண்ணா, இது என்னன்னு பாரேன். வடக்கு ஓரத்துல."

"பறவைக்கூடா இருக்கும்."

"படம் எடுத்த இருபத்துநாலு இடத்துலயும் அதே கூடா? நம்ம பின்னாடியே பறந்து வந்துச்சா?"

"திரும்பப் போய் எடுத்துடலாமே."

"இலையெல்லாம் போன வாரமே கொட்டிப்போச்சு. இனி அடுத்த வருஷந்தான்." படத்தைப் பெரிதாக்கினாள். "இது ஆளா இருந்தா அந்தப் பக்கத்தை வெட்டிட்டுக் கணக்குப் போடணும். 3.8 வருது. காடு போச்சு. ஆனா தெரிஞ்சே தப்பான நம்பருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மணி 11.48. உருண்டைக்கு இப்போது விளிம்பு தெரிந்தது. அதே விளிம்புள்ள தொப்பி என் மடியில் இருந்தது. அதன்மேல் இந்த நோட்டை வைத்துக்கொண்டேன்.

"காட்டு நாவலுக்கு அனுபவம் வேணும்னு கூட வந்தியே, அன்னிக்கு ஒவ்வொரு தடவையும் உக்காரு உக்காருன்னு கத்தினேன். உக்காந்தேதானே?"

4

அண்ணன் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வரைவில் அவன் கிளைகளை அண்ணாந்து பார்த்துத் தன்னை மறந்து நின்றான். தன்னை மறக்கிற ரகமில்லை அவன்.

முடிவு அ: "உக்காந்தேனே" என்கிறான். அவள் நம்பிக் கையெழுத்திடுகிறாள். காடு பிழைக்கிறது. அதைக் காப்பாற்றியவன் தானே என்று நாவலின் முன்னுரையில் அடக்கத்தோடு—

முடிவு ஆ: தொப்பியை எடுத்து மேசைமேல் வைக்கிறான். அவள் 4.1-ஐ அடித்துவிட்டு, 3.8 என்று—

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை.

5

மணி 11.56. பேனா மூடியைக் கழற்றிவிட்டு அவள் என் முகத்தையே பார்க்கிறாள். வாய் திறக்கக்கூட வேண்டியதில்லை. இந்த நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தால் போதும். திருப்புவதா, மூடுவதா? நோட்டு இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்களே பார்த்துச் செய்யுங்கள்.

திருப்பினால், "ஏன் உக்காரலை?" என்றுதான் முதலில் கேட்பாள். அன்று நான் போட்டிருந்தது புதுக் கால்சட்டை; குத்துக்காலிட்டால் கிழிந்திருக்கும். கடையில் கேட்டபோது இடுப்பளவை இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்லியிருந்தேன்.