பாலத்தடியில் பொள்ளல் சத்தம்

பாலத்தின் முனையில் சிவப்புக் கொடியை ஆட்டிப் பேருந்தை மறித்தாள், பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். பிரேக் போட்டு எட்டிப் பார்த்த டிரைவர் அவள் கொழுந்தன்.

“என்ன அண்ணி, வீட்டுலதான் உங்க அதிகாரம்னா ரோட்டுலயுமா?”

“விளையாடாத தம்பி. அடியில பாலத்தைத் தாங்கற பீமைச் சுத்தியலால தட்டினேன், உள்ளே காலியா இருக்கற மாதிரி பொள்ளலா சத்தம் கேக்குது. உள்ளே கம்பி துருப்பிடிச்சு உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துடுச்சு. எல்லாரையும் இறக்கு.”

பயணிகள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள்.

“நல்ல பாலமாச்சே, எப்படி அண்ணி?”

“மழைத்தண்ணி வடியற குழாயை எந்தப் புண்ணியவானோ சிமென்ட் வச்சு அடைச்சிருக்கான். வருஷக்கணக்கா தண்ணி தேங்கி, உள்ளே இறங்கியிருக்கு.”

அவன் முகம் வெளிறியது.

“அண்ணி... பாலத்தடி நிழல்லதான் பஸ்ஸை நிறுத்துவேன். கழுவின கண்ணாடியில குழாய்த்தண்ணி சொட்டுதேன்னு நான்தான் அடைச்சேன்.”