கார்த்திகை கடைசி நாள்

விடிந்தால் மார்கழி. மார்கழியில் யாரும் குடி போக மாட்டார்கள், குடி வைக்கவும் மாட்டார்கள். அரியலூரில் ஜெயசுதா இருந்த ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறார்கள். இன்று சாயந்திரத்துக்குள் காலி செய்தாக வேண்டும் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். மகள் ஆர்த்தி பத்தாவது படிக்கிறாள், ஊரை விட்டுப் போகவும் வழியில்லை.

ஜெயசுதாவின் கூலிக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் மூன்று வீடுகள் கிடைத்தன. அவள் புருஷன் செல்லதுரையைப் பார்த்ததும் மூன்றும் கைநழுவின. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய மனிதர். இப்போது இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவருடைய வீங்கிய காலைக் கண்டதும் வீட்டுக்காரர்களுக்குத் திடீர் திடீரென்று உறவுக்காரர்கள் குடிவர முளைத்தார்கள். வீட்டில் சாவு விழுந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன! பாவிகள், அதை நேராகவாவது சொல்லித் தொலைக்கலாம்.

அதனால் இன்று காலை நான்காவது வீட்டில் ஜெயசுதா பொய் சொன்னாள்.

"அவரு லாரி ஓட்டுறாருங்க. லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு."

வீட்டுக்காரி அம்மாக்கண்ணு தனிக்கட்டை. "முன்னாடி இருந்த பெரியவரு இங்கயே போயிட்டாரு. செத்த நாள் சரியில்லைன்னு ஆறு மாசம் பூட்டிப் போட்டுட்டேன். இந்த வாடகைதாம்மா எனக்குச் சோறு. சாயந்தரம் ரெண்டு பேரும் சேந்து வந்து பால் காய்ச்சிடுங்க" என்றாள்.

ரெண்டு பேரும் என்றதும் ஜெயசுதா தெருவிலிருந்து வாசல்வரை கண்ணாலேயே அளந்தாள்.

நாலரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. செல்லதுரைக்கு ஊசித் தழும்பை மறைக்கிற முழுக்கைச் சட்டை, கணுக்காலை மறைக்கிற வேட்டி. ஆட்டோவிலிருந்து வாசலுக்கு இருபது அடி இருக்கும். நடந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அம்மாக்கண்ணு, "சாமி படத்த வூட்டுக்காரரு எடுத்துக்கிட்டு வரட்டும்" என்றாள். கண்ணாடி போட்ட பெரிய முருகன் படம். ஆர்த்தி எடுக்கப் போனாள். அப்பா அவளை விலக்கிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டார்.

பாதி வழியில் நின்றுவிட்டார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அம்மாக்கண்ணு உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?"

"ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுனது, தூக்கமில்ல" என்று ஜெயசுதா முந்திக்கொண்டாள்.

செல்லதுரை சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கிருந்து பிடித்து இழுத்து வந்தாரோ. வலது காலைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டினார். பால் பொங்கும்வரை சுவரில் சாயாமல் நின்றார். அம்மாக்கண்ணு ஒரு வாய்ப் பால் குடித்துவிட்டு, "நல்லா இருங்க" என்று சாவியைக் கொடுத்துப் போனாள். அந்த வாழ்த்து ஜெயசுதாவுக்குச் சுருக்கென்றது.

கதவைச் சாத்தியதும் செல்லதுரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆர்த்தி தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் சொன்னார்.

"சுதா, எனக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடு. இந்த வூட்ல வேணாம். புள்ள பரிச்ச எழுதணும். அந்தம்மாவும் பாவம்."

"வாய மூடுங்க" என்று சீறினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவாரா என்று கேட்டு, ஆட்டோக்காரரின் நம்பரை அவள் மத்தியானம் வண்டி பேசும்போதே வாங்கி வைத்திருந்தாள். அதை அவரிடம் எந்த வாயால் சொல்வாள்?