ஆல்டர்கோம் நிலையத்துப் பொத்தான்கள்

1

இந்தக் கதையை நான் திருடினேன். டெவனில் நான் குடியிருக்கும் சிற்றூரில், தேவாலயக் கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. இரவு வேலையை விட்டுவிட்டு, பகலை என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்த நாட்களில் ஒரு மழைக்கு அதில் ஒதுங்கினேன். உள்ளே சில பெரியவர்கள் ஒரு பொம்மை ரயில் நிலையத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பழைய புகைப்படம் ஒன்றின்மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி, "இந்தாளு ஏன் பொம்பள கோட்டு போட்டிருக்காரு?" என்று முணுமுணுத்தாள். எனக்கு மட்டும்தான் கேட்டது. மழை விட்டது. வந்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது. அவர்களும் ஒரே ஒரு படத்தை வைத்துத்தான் பதினாறு அடி நீளத்துக்குக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "1884-ஆம் ஆண்டின் பனிமூட்டமான ஒரு காலையில், நீராவியின் பெருமூச்சோடு"

வேண்டாம். விக்டோரியா காலத்து ரயிலை எழுதுகிற ஒவ்வொருவனும் பனிமூட்டத்தில்தான் ஆரம்பிக்கிறான்.

இரண்டாவது: "ஹியூபர்ட் பாஸ்கோ ஈவிரக்கமில்லாதவர். கொட்டகைக்குள்" (இதுவும் நிற்கவில்லை. காரணம் ஐந்தாம் பகுதியில்.)

மூன்றாவது: "கணவர் இறந்த பிறகு மேவிஸ் ட்ரெம்லெட்"

இல்லை. ஒரு பெண் பொழுதுபோக்குத் தேடி வந்தால் உடனே அவள் புருஷனைக் கொன்றுவிடுவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். வில்ஃபை உயிரோடு விட்டுவிட்டேன். வீட்டில் வானொலியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார்.

3

ஆல்டர்கோம் ஒரு கிளைப் பாதையின் கடைசி நிலையம். பத்தொன்பது வருடம்தான் இருந்தது. ஒரு நில அளவைக்குப் பிறகு பிறந்து அடுத்ததற்கு முன்பே செத்துப்போனதால் எந்த வரைபடத்திலும் அது இல்லை. மிஞ்சியது கண்ணாடித் தகட்டில் எடுத்த படத்தின் அச்சு ஒன்று. நடைமேடை, சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, கோட்டுப் போட்ட மூன்று ஆட்கள். பெயர்ப்பலகையைக் குதிரை வண்டி ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது.*

அதைப் பார்த்துத்தான் ஹியூபர்ட் பதினோரு வருடமாகக் கட்டினார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருடைய நிலையத்தில் ஒரு மனிதனின் உயரம் ஓர் அங்குலம். தண்டவாளத்துக்கு நடுவே தூவும் ஜல்லியைக்கூடத் தேநீர் வடிகட்டியில் சலித்துத்தான் போடுவார்.

கொட்டகையில் கூடும் பொம்மை ரயில் சங்கத்தில் மூன்று பேர். ஹியூபர்ட் ஒருவர். சிக்னல் கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் ரெஜ் யோ இன்னொருவர், வாய் ஓயாதவர். மூன்றாவது ஆள் மூலையில் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். (இவரை இன்னும் எழுதவில்லை. இருக்கட்டும்.)

மேவிஸ் நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவள். சங்கத்தின் விதிப்படி, புதிதாக வருகிறவர் ஒரு வருடம் தேநீர் போட வேண்டும். தேநீர் மேசையில் உட்கார்ந்து பொம்மை ஆட்களுக்கு வண்ணம் தீட்டலாம்; நிலையத்தின்மேல் கை வைக்கக் கூடாது. வருடம் முடிந்ததும் ஓட்டு. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு ஜல்லிக் கல், ஒரு கரித்துண்டு. கையை மூடிக்கொண்டு இரண்டில் ஒன்றைத் தேயிலை டப்பாவில் போட வேண்டும். ஒரே ஒரு கரி விழுந்தாலும் வந்தவர் வீட்டுக்குப் போகலாம். எல்லாம் கல்லாக இருந்தால் கொட்டகைச் சாவி கிடைக்கும்.

மேவிஸுக்கு அந்தச் சாவி வேண்டும். யாரிடமும் கேட்காமல் அந்தத் தண்ணீர்த் தொட்டியைத் தொட வேண்டும். வேறு ஆழமான காரணம் ஏதும் நான் அவளுக்குத் தரவில்லை. இதுவே போதும்.

வியாழக்கிழமை மதியம் ஓட்டு. சனிக்கிழமை நகர மண்டபத்தில் கண்காட்சி.

* பின்னணியில் மலை தெரியவில்லையா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கடிதம் எழுதப்போகும் அன்பருக்கு: மேகமூட்டம். இது டெவன்.

4

ஓட்டுக்கு முந்தின வாரம் அந்த மூன்று ஆட்களின் பொம்மைகளும் வண்ணத்துக்காக மேவிஸிடம் வந்தன. பொத்தான்களைச் சரியாக வைக்கப் புகைப்படத்தை வாங்கிப் பார்த்தாள். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணிதான் மேலே ஏறும்; பெண்கள் கோட்டில் வலப்பக்கம். படத்தில் மூவருக்கும் வலப்பக்கம் மேலே இருந்தது. ஆண்களுக்கு இடப்பக்கம் வர வேண்டிய மார்புப் பையும் வலப்பக்கம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வில்ஃப், எந்திரிங்க. கோட்ட போடுங்க."

"எங்க போறோம்?"

"எங்கயும் போகல. கண்ணாடி முன்னாடி நில்லுங்க."

கண்ணாடிக்குள் இருந்த வில்ஃப் பெண்பிள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார்.

"நெனச்சேன்," என்றாள். "தகட்ட தப்புப் பக்கமா வெச்சு அச்சு எடுத்திருக்கான். எல்லாம் இடம் வலமா போச்சு. மொத்த ஸ்டேஷனையும் மாத்திக் கட்டி வெச்சிருக்காங்க."

"சொல்லிராத. சொன்னா ஹியூபர்ட் கரியப் போட்டுருவாரு. மொதல்ல ஓட்டு முடியட்டும்."

"சாவிக்காக வாய மூடிட்டிருந்தேன்னு ஆகும்."

"ஆகட்டும். சாவி கையில இருக்கும்ல."

"சனிக்கெழம நோட்டுப் புத்தகத்தோட எவனாவது வருவான் வில்ஃப். எப்பவும் ஒருத்தன் வருவான். அத்தன பேர் முன்னாடி கண்டுபிடிச்சு சொல்லுவான்."

"அப்ப உன் பாடு. கோட்ட கழட்டலாமா? விக்கெட் விழுந்திருக்கு போல."

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. ஹியூபர்ட்டைத்தான் வைத்திருந்தேன். ஆனால் அவர் ஒத்துழைக்கவில்லை. கடுமையாக ஒரு வசனம் கொடுத்தால், சொல்லிவிட்டு உடனே பிஸ்கட் தட்டை நீட்டுகிறார். நிலையத்தில் நிற்கும் நாற்பத்திரண்டு பயணிகளுக்கும் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார், யார் எந்த வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்பது உட்பட. இப்படிப்பட்டவரைக் கெட்டவராக்க எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

அதனால் மேவிஸின் பாடு இன்னும் மோசமானது. கெட்டவனின் பதினோரு வருடத்தைத் தப்பு என்று சொல்வது எளிது.

6

வியாழக்கிழமை. ஹியூபர்ட் கல்லையும் கரியையும் பங்கிட்டுக் கொடுத்தார்.

"மேவிஸ், சங்க வழக்கப்படி நீங்க கெட்டில் பக்கமா திரும்பி நில்லுங்க."

"நிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க கோட்ட பாருங்க ஹியூபர்ட்."

அவர் குனிந்து பார்த்தார். "டீ சிந்தியிருக்கா?"

"எந்தப் பக்கம் மேல இருக்கு?"

"இடது."

"படத்துல இருக்கறவங்களுக்கு?"

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். முதல் ஆள். இரண்டாம் ஆள். மூன்றாவது ஆளிடம் நெடுநேரம் நின்றார்.

"பொண்டாட்டி கோட்ட மாத்திப் போட்டுட்டு வந்திருப்பான்," என்றார் ரெஜ்.

"மூணு பேருமா?"

"சின்ன ஊரும்மா. ஒருத்தன் பண்ணா பரவிரும்."

ஹியூபர்ட் சிரிக்கவில்லை. "எப்போ தெரியும் உங்களுக்கு?"

"போன வாரம்."

"ஓட்டு முடிஞ்சு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றாள்.

ஹியூபர்ட் கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு மழையில்

இல்லை. போகமாட்டார். குடை எடுத்து வரவில்லை.

ஹியூபர்ட் சுத்தியலை எடுத்து

அதுவும் இல்லை. அவருடைய சுத்தியல் விரல் நீளம்தான். அதை வைத்து ஆவேசம் காட்ட முடியாது.

ஹியூபர்ட் நிலையம் நிற்கும் பலகையின் கோடிக்கு நடந்தார். அங்கே ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் வளைவுக்குள், நிலையத்துத் தெரு இன்னும் நீண்டு போவதுபோலத் தெரிவதற்காக, அவரே ஒரு கண்ணாடித் துண்டை வைத்திருந்தார். பொம்மை ரயில் கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தந்திரம். முழங்காலில் உட்கார்ந்து, கன்னத்தைப் பலகையில் வைத்து அதற்குள் பார்த்தார்.

"யோவ் ரெஜ். இங்க வா."

ரெஜும் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் தண்ணீர்த் தொட்டி மறுபக்கம் இருந்தது. சரக்குக் கொட்டகை இந்தப் பக்கம்.

"பதினோரு வருஷமா இதுக்குள்ள சரியாத்தான்யா இருந்திருக்கு," என்றார் ஹியூபர்ட்.

"அப்ப ஆள் ஒசரத்துக்கு ஒரு கண்ணாடி மாட்டு. சனிக்கெழம வர்றவன்லாம் ஸ்டேஷனுக்கு முதுகக் காட்டிட்டு நின்னு பாக்கட்டும்."

"பெயர்ப்பலகை?"

"அத மட்டும் திருப்பி எழுதணும். கண்ணாடில நேரா தெரியும்."

"எழுத்து அரிசில பாதிதான் இருக்கும். உன் கை நடுங்கும். எனக்குக் கண்ணு தெரியல."

இரண்டு பேரும் மேவிஸைப் பார்த்தார்கள்.

"உறுப்பினர் மட்டுந்தான் பலகையத் தொடலாம்," என்றார் ஹியூபர்ட், கறாராக. "ஓட்டப் போடுவோம். நீங்க திரும்புங்க."

அவள் திரும்பிக்கொண்டாள்.

7

ரெஜ் டப்பாவில் கையை விட்டார். டங்.

ஹியூபர்ட்டுக்கு நேரம் பிடித்தது. டங். பிறகு விரலை விரித்தார். உள்ளங்கையில் கரித்துண்டு மிஞ்சியிருந்தது. அதைப் பொம்மை எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த கரிக்குவியலில் வைத்தார். கெட்டிலைப் பார்த்து நின்ற மேவிஸுக்கு இது தெரியாது.

இனி மூன்றாவது ஆள். இந்தக் கதைக்கு ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: மூன்றாவது கல்லும் விழுகிறது, சாவி, கைதட்டல். சர்க்கரை தூக்கல். இன்னொன்றும் எழுதினேன்: ஒரு வாரம் மறைத்தாளே என்று கரி விழுகிறது, பெயரில்லாத நிலையம் கண்காட்சிக்குப் போகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன். காரணம், அந்த மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் யாரையும் நான் உட்கார வைக்கவில்லை. நாற்காலி ஆரம்பத்திலிருந்தே உங்களுடையது. படித்துக்கொண்டிருந்தது நீங்கள்தானே?

டப்பா இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. ஒரு கையில் கல், ஒரு கையில் கரி. அவசரமில்லை, கெட்டில் இன்னும் கொதிக்கவில்லை.

ஒரு வருடமாக எல்லோருக்கும் தேநீர் போட்டவளுக்கு உங்களுடையது மட்டும் எப்படியென்று தெரியாது. அது என் குற்றம். அவள் திரும்பாமலே கேட்கிறாள்:

"உங்களுக்கு எத்தன ஸ்பூன் சர்க்கர?"