அம்மா மண்டபத்தில் ஒரு சேவை நாள்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை, ராஜகோபுரத்தின் மேல் ஆணை.

எடமலைப்பட்டி புதூர்ப் பள்ளித் தலைமையாசிரியை விஜயராணி அன்று, குளிக்க வருகிறவர்கள் காவிரியில் விட்டுப்போகும் பழந்துணிகளை அள்ளுவதற்காகப் பிள்ளைகளை அம்மா மண்டபப் படித்துறைக்கு அழைத்து வந்திருந்தார். இன்று சொதப்பினால் சேவை வகுப்பையே நிறுத்திவிடுவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். பிள்ளைகளோ மூக்கைப் பொத்திக்கொண்டு படியிலேயே நின்றார்கள்.

"நீங்க முதல்ல இறங்குங்க மிஸ், நாங்க வரோம்" என்றாள் எட்டாம் வகுப்பு யாழினி.

விஜயராணி சேலையைச் செருகிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி ஒரு வேட்டியை இழுத்தார். மறுமுனையை ஒரு முதலை கவ்விக்கொண்டிருந்தது.

"துணியை விடு! லைன்ல நில்லு!" என்று பிரேயர் மைதானக் குரலில் அதட்டினார்.

முதலை விட்டது, வரிசையிலும் நின்றது. அதைப் பார்த்து வெட்கப்பட்ட பிள்ளைகள் தொபுதொபுவென்று குதித்தார்கள். மதியத்துக்குள் நாலு வண்டித் துணி கரையேறியது. அதில் பாதி, முதலை வாலால் தள்ளியது.

தாளாளர் வந்து பார்த்தார். "மேடம், அதுவும் நம்ம ஸ்கூலா?"

"இல்ல சார், வெளியூர். அடுத்த சனிக்கிழமையும் வரேங்குது."

"சாப்பாடு போட்டீங்களா அதுக்கு? வகுப்பு நடக்கட்டும் மேடம்."

அந்த மாதம் முழுக்கக் காவிரியில் மணல்தான் இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை.